மூச்சு வேண்டாத மொழி

உச்சுக் கொட்டத் தெரியாதவர் யாரும் இல்லை. பேருந்தைத் தவறவிட்டவரைப் பார்த்தால், கால் தடுக்கி விழுந்த குழந்தையைப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் துக்கத்தைக் கேட்டால் நாம் எல்லோரும் நாக்கைப் பல்லில் ஒட்டி எடுத்து அந்தச் சத்தத்தைச் செய்கிறோம். செய்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. நேற்று நீங்களும் என் கோப்பைப் புரட்டும்போது இரண்டு தடவை உச்சுக் கொட்டினீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தொழில் அப்படி. பேச்சின் பொருளுக்கு முன்னால் அதன் சத்தம்தான் என் காதில் விழும்.

நடந்ததை என் கைப்பட எழுதச் சொல்லி ஸ்டேஷனில் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். எழுதுகிறேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் மொழி செய்கிறவன். கணினி விளையாட்டுகளிலும் தொடர்களிலும் வேறு கிரகத்து ஆட்கள் ஏதோ பேசுவார்களே, அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும் அல்லவா? அந்த யாராவது நான்தான். இருபத்திரண்டு வருடத்தில் பதினான்கு மொழி. என் மாமனார் சாகும்வரை என்னை "வீட்டில் சும்மா இருக்கும் மாப்பிள்ளை" என்றுதான் வந்தவர்களிடம் அறிமுகப்படுத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விளையாட்டு பழசானால் அதன் மொழியும் போய்விடும். என் மொழி எதையும் ஒரு மனிதர் தன் தேவைக்காகப் பேசியதில்லை. எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் கசப்பு எனக்குக் குறையவில்லை.

என் மனைவி பின்னணிக் குரல் கொடுப்பவள். அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்வது அவள்தான். வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்வதும் அவள்தான். ஊரே அவள் குரலை வைத்திருந்தது. வீட்டுக்கு வரும்போது எனக்கென்று மிச்சம் இருப்பது "சாப்பிட்டாச்சா" என்கிற ஒரு வார்த்தைதான்.

இப்போது அந்த உச்சுக்கு வருகிறேன். அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும். நாக்கின் பின்பகுதி அண்ணத்தின் பின்பக்கம் ஒட்டி ஒரு கதவை அடைக்கிறது. நுனி, பல்லுக்குப் பின்னால் இன்னொரு கதவை அடைக்கிறது. நடுவில் ஒரு துளிக் காற்று மாட்டிக்கொள்கிறது. நடுநாக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினால் அந்த இடம் பெரிதாகி, காற்று மெலிகிறது. முன்கதவைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. அதுதான் சத்தம். மற்ற எழுத்துகளுக்கு நெஞ்சிலிருந்து காற்று புறப்பட்டு வர வேண்டும். இதற்கு வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள், வரும்.

நுனியைச் சற்றுப் பின்னால் தள்ளி, ஈறின் மேட்டில் ஒட்டி எடுத்தால் புட்டித் தக்கை கழன்ற மாதிரி டொக்கென்று விழும். நாக்கின் பக்கத்தைக் கடைவாயில் விடுவித்தால் வண்டிக்காரர் குதிரையை விரட்டும் சத்தம். நடுநாக்கை அண்ணத்தில் அகலமாக ஒட்டி எடுத்தால் விரல் சொடுக்கு. உதட்டால் செய்தால் முத்தம். ஆக ஐந்து. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லட்சக்கணக்கானவர்கள் இவற்றை மெய்யெழுத்துகளாக வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், தாலாட்டுகிறார்கள், ஊர்வம்பு பேசுகிறார்கள். என் தொழிலில் இருக்கும் கற்றுக்குட்டிகளோ அரக்கனுக்கு இரண்டு, பூச்சிமுகத்துக்காரனுக்கு மூன்று என்று மேலாகத் தூவிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு கம்பெனிக்காக, காற்றில் நஞ்சு கலந்த கிரகத்தின் குகைவாசிகளுக்கு ஒரு மொழி செய்தேன். வெளியே வந்தால் அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பேச முடியும். அதனால் மூச்சே வேண்டாத மொழி, முழுக்க முழுக்கச் சொடுக்கொலிகள். ஐந்தையும் மும்மூன்றாகச் சேர்த்தாலே நூற்றிருபத்தைந்து சொல் கிடைக்கும், நடுவில் நிறுத்தம் வைத்தால் இன்னும் பெருகும். செய்தவன் நான். ஆனால் என் நாக்கு தடித்தது, வேகமாக வராது. மனைவிதான் எல்லாச் சொல்லையும் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். இரண்டு வாரத்தில் அவளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. சமையலறையில் நின்றுகொண்டு அந்த மொழியில் என்னைக் கிண்டல் செய்வாள். பிறகு கம்பெனி அந்த விளையாட்டைக் கிடப்பில் போட்டுவிட்டது.

அடுத்த வருடம் அவள் மாடிப்படியில் விழுந்தாள். அதில் என் கை இல்லை. அந்த நேரம் படியில் மூன்று பேர் இருந்தார்கள், விசாரித்திருப்பீர்கள். லிஃப்ட் பழுது, அவள் கையில் இருந்த பெட்டி கனம். அக்கா வீட்டுக்குப் போக எதற்கு அத்தனை துணி என்று அன்று காலையிலேயே கேட்டேன். அவள் பெட்டியைப் பூட்டினாள்.

கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. கையும் காலும் அசைவற்றுப் போயின, தலையைக்கூட ஆட்ட முடியாது. முகத்தில் அடிபட்டு ஒரு பக்கம் செயலிழந்து உதடு கோணிக்கொண்டது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு அதன் வழியாகவே போய் வந்தது, வாய்க்குக் காற்று வரவே வராது. உதட்டை அசைத்துப் பேசிப் பார்த்தாள். அக்கா ஒன்றாகப் புரிந்துகொள்வார், நர்ஸ் இன்னொன்றாகப் புரிந்துகொள்வார். கொஞ்ச நாளில் முயற்சியை விட்டுவிட்டாள்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று சத்தம் கேட்டது. பல், கடைவாய், பல். குளிரில் பல் தந்தியடிக்கிறது என்று நினைத்து நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது தண்ணீர் என்கிற சொல். நான் செய்த சொல். நனைத்த பஞ்சை அவள் உதட்டில் வைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனிதப்பிறவி என் மொழியில் தண்ணீர் கேட்டிருக்கிறது. அன்று நான் அழுததைப் பார்த்து ஆஸ்பத்திரியே உருகிப்போனது. சந்தோஷத்தில் அழுதேன் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு அழைத்து வந்தேன். முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டு, மூச்சுக் கருவி, சளி உறிஞ்சும் கருவி, பகலுக்கு ஒரு நர்ஸ் என்று எல்லாம் செய்தேன். உதட்டில் செய்யும் ஒலி இனி அவளுக்கு வராது, அதனால் முத்தத்தை எடுத்துவிட்டு நான்கை வைத்து மொழியைத் திருத்தினேன். அறுநூறு சொல்வரை வளர்த்தோம். வலி, அரிப்பு, தலையணை, ஜன்னல், சூடு. பாதிச் சொற்கள் அவளே கட்டியவை. கூர்மையான புத்தி அவளுக்கு. டாக்டர் வந்தால் அவள் சொடுக்குவாள், நான் சொல்வேன். "உங்களை மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அந்தப் பகல் நர்ஸ் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருநாள் எழுத்துப் பலகை கொண்டுவந்தாள். எழுத்துகளை வரிசையாகக் காட்டினால், வேண்டிய எழுத்தில் நோயாளி கண்ணை மூடலாம். நன்றி சொல்லி வாங்கி, பீரோவின் மேல் பத்திரமாக வைத்தேன். எங்களுக்குத்தான் மொழி இருக்கிறதே. பிறகு, செயலிழந்த பக்கத்துக் கண் சரியாக மூடாமல் வறண்டுபோவதால் அவள் அடிக்கடி இமைத்தாள். பார்க்கிறவர்கள் அதைப் போய் ஆமாம், இல்லை என்று எடுத்துக்கொண்டு குழப்பினார்கள். அதனால் கட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டினேன். "கண் வறட்சி உள்ளது. இமைப்பதைப் பதிலாகக் கொள்ள வேண்டாம்." என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்தத் தாளை நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

அக்கா வாரம் இரண்டு தடவை வந்து தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒருநாள் மனைவி அவரைப் பார்த்து நீளமாகச் சொடுக்கினாள். "அக்கா, உன் வீட்டுக்குக் கூட்டிப் போ" என்பது அதன் பொருள்.

"என்ன தம்பி சொல்றா?" என்றார் அக்கா.

"நீங்க அடிக்கடி வந்து அழறதைப் பார்த்தா அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்காம். கொஞ்ச நாள் கழிச்சு வாங்கன்னு சொல்றா."

"என்னையா? என்னையா அப்படிச் சொல்றா?"

"தப்பா நினைக்காதீங்க அக்கா. உடம்பு முடியாதவ."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மனைவி விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தாள். அவளே களைத்து நிறுத்தும்வரை நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் மாடிப்படி குறுகல், கருவிகள் வைக்க இடம் போதாது. அவளுக்கு அது சரிப்பட்டு வராது என்று எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவன் எல்லாவற்றையும் சொல்லுக்குச் சொல் கொட்ட முடியாது, கேட்பவருக்கு எது நல்லது என்றும் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்ட விஷயம். வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம் தொண்டை டாக்டர் வந்தார். நல்ல மனிதர், எப்போதும் அவசரம்.

"நல்ல சேதி சார். பகல்ல இவங்களே மூச்சு விடறாங்க. குழாயை மாத்திச் சின்னதா வச்சு, அந்தக் குழாயோட வாயில ஒரு மூடி போட்டோம்னா காத்து மேல போகும். பேசலாம். குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும், உச்சரிப்பு லேசா குழறும். ஆனா பேசலாம்." பிறகு அவளிடம் குனிந்து, "என்னம்மா, செஞ்சிடலாமா?" என்றார்.

அவள் "ஆமாம்" என்று சொடுக்கினாள். திரும்ப "ஆமாம்" என்றாள். கண்ணையும் ஒருமுறை இறுக மூடித் திறந்தாள். டாக்டர் நிமிர்ந்து சுவரில் இருந்த தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது புரியுதாம். ஆனா இப்ப வேணாமாம். திரும்பக் கத்தி வைக்கறதுன்னா பயமா இருக்காம்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிறகு அண்ணத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று, இரண்டே சத்தம். "பொய்" என்பது அவள் கட்டிய சொல்தான்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

"களைப்பா இருக்காம் டாக்டர்."

"பாவம். வற்புறுத்த வேணாம். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவள் வாயில் குரல் வந்த அன்றே அந்த மொழி செத்துப்போகும். அறுநூறு சொல். உலகத்திலேயே ஒரு உயிர் தாகத்துக்கும் வலிக்கும் பேசுகிற ஒரே செய்மொழி அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். லிஃப்டிலும் வங்கியிலும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்ட குரலுக்காக அதைக் கொல்ல வேண்டுமா? அவள் போய்விடுவாள் என்று பயந்தேனா என்றும் கேட்டீர்கள். கையும் காலும் இல்லாதவள் எங்கே போவாள்?

மூன்று மாதம் கழித்து டாக்டர் வந்தபோதும் அவள் "ஆமாம்" என்றாள், நான் "வேணாமாம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. நானாக நேரம் பார்த்துக் கொடுத்தேன். மனது விட்டுப்போயிற்று எனக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி கிடப்பில் கிடந்த விளையாட்டைத் தூசி தட்டி எடுத்தது. சிறைப்பட்ட குகைராணி ஒருத்தி வருகிறாள், அவளுக்கு உடனடியாக வசனமும் பதிவும் வேண்டும் என்றார்கள். கட்டிலுக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். கதையைச் சொன்னேன். அவள் கண் மேலே தொங்கிய மைக்குக்குப் போனது. பிறகு, "பதிவு" என்று சொடுக்கினாள். இரண்டு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் சொல்.

என்ன நடிப்பு தெரியுமா? படுத்த படுக்கையில், ஒவ்வொரு வசனத்தையும் மூன்று மூன்று தடவை, ஒரு சத்தம் பிசகாமல். நான் எழுதிய வசனங்களை ஒதுக்கிவிட்டு அவளே சொன்னாள். "என்னை இங்கிருந்து கொண்டுபோ." "எனக்காகப் பேசுகிறவன் பொய் சொல்கிறான்." "என் அக்காவிடம் சொல்." நான் எழுதியவற்றைவிட அவை ஆயிரம் மடங்கு உயிரோடு இருந்தன. நல்ல வேலைக்காரன் நல்ல சரக்கைத் தூக்கிப் போடமாட்டான். அப்படியே அனுப்பினேன். திரைக்குக் கீழே ஓடும் எழுத்துக்குப் பொருளும் எழுதிக் கொடுத்தேன், சொல்லுக்குச் சொல், துல்லியமாக. தொழிலில் நான் ஒரு தடவைகூடப் பொருளைத் திரித்ததில்லை. சொல்பட்டியலையும் கொடுத்தேன். ரசிகர்களுக்கென்று வெளியிட்டார்கள்.

அவள் தெரிந்தேதான் அப்படிச் செய்தாள், உன் புத்தி தெரிந்துதான் மைக்கிடம் சொன்னாள் என்கிறார் அவள் அக்கா. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தொழில்மீது இருந்த பிரியம். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிச்சம் இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

மூன்றாவது முறை டாக்டர் கேட்டபோது அவள் ஒரு சத்தமும் செய்யவில்லை, கண்ணைக்கூட அசைக்கவில்லை. அன்று நான் மொழிபெயர்க்க ஒன்றுமே இருக்கவில்லை. "நீங்களே பாருங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னேன்.

விளையாட்டு வெளியானது. பழைய நர்ஸ் தன் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் போக, புதியவள் வந்தாள். சின்ன வயது, துறுதுறுவென்று இருந்தாள். நான்காம் நாள் காலை தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

"சார், மேடம் அடிக்கடி ஒரு சத்தம் போடறாங்களே, அது அந்த விளையாட்டுல ராணி சொல்றது மாதிரியே இருக்கு."

"எந்த ராணி?"

"சிறையில இருக்கற ராணி சார். கீழே எழுத்து ஓடுமே, 'என்னை இங்கிருந்து கொண்டுபோ'ன்னு. நான் ராத்திரி பகலா விளையாடறேன், எனக்கு மனப்பாடம்."

"அந்த ராணிக்குக் குரல் கொடுத்ததே இவங்கதான். பழக்கதோஷம், சொல்லிப் பார்த்துக்கறாங்க."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் நான் உள்ளறையில் கம்பெனியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மொழியை எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றார்கள். அப்போது முன்னறையிலிருந்து ஒரு சொடுக்கு கேட்டது. என் மனைவியுடையது அல்ல. கனமாக, தடுமாறி, ஒரு சொல்லுக்கு மூன்று முயற்சி. "யார்" என்று அந்தப் பெண் கேட்டாள். "அக்கா" என்று பதில் வந்தது. "பொய்யா" என்று கேட்டாள். அதற்கு என் மனைவி சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. ஒன்பது மாதத்தையும் கொட்டித் தீர்த்தாள்.

போனை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். உள்ளே புகுந்து தடுத்திருக்கலாம். நர்ஸை வேலையை விட்டு அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் நான் அல்லாத இரண்டு பேர் என் மொழியில் பேசிக்கொள்வதை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தப் பெண் ஓர் இடத்தில் கடைவாய்ச் சொடுக்கை மேட்டுச் சொடுக்காக்கிவிட்டாள், போய்த் திருத்தலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவள் அக்காவின் எண்ணைக் கேட்டுப் போனை எடுத்துவிட்டாள். நான் சமையலறைக்குப் போய் மனைவியின் மாத்திரைகளைப் பொடி செய்தேன். அது மாத்திரை நேரம்.

அக்கா, டாக்டர், பிறகு நீங்கள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், ஆமாம். டாக்டர் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அவள் பேச்சு திரும்பி வராதபடி தடுத்தவன் நான். இரண்டு முறை அவள் சம்மதத்தை மறுப்பாகச் சொன்னேன். எழுத்துப் பலகையை மறைத்து வைத்தவனும் சுவரில் தாள் ஒட்டியவனும் நானே. அவள் அக்காவை விரட்டியவனும் நானே. தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை.

குழாயை மாற்றி மூடி போட்டுவிட்டார்களாம், பதினோராவது நாள் பேசினாளாம். அதன் பிறகு ஒரு சொடுக்குகூடப் போடுவதில்லையாம், நர்ஸ் விளையாட்டாகக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். இதையெல்லாம் என்னிடம் சொல்லும்போது நீங்கள் உச்சுக் கொட்டவில்லை. அவள் சொந்தக் குரலில், யார் துணையும் இல்லாமல் கொடுத்த வாக்குமூலம் நான்கு பக்கம் வந்திருப்பதாகச் சொன்னீர்கள். இத்தனை காலம் வாய்திறந்து பேசாதவள், பாவம், வார்த்தைகள் முன்பின்னாக வந்திருக்கும், சொல்ல நினைத்தது ஒன்றும் சொன்னது ஒன்றுமாக ஆகியிருக்கும். தயவுசெய்து அந்தத் தாள்களை ஒருமுறை என்னிடம் கொடுங்கள். அவள் உண்மையில் என்ன சொல்ல வந்தாள் என்று நான் எழுதித் தருகிறேன்.